கார்டில் "ஆபத்துக் கூடிய கர்ப்பம்" என்று எழுதித் தந்திருக்கிறார்கள், மாமி அஸ்பிரினை நிற்பாட்டச் சொல்கிறார்

தீவுப்பிள்ளை:

வணக்கம் அக்காமார். நான் நெடுந்தீவு. வயது 33. இது இரண்டாவது பிள்ளை, இன்றைக்கு 14 கிழமையும் 3 நாளும்.

முதல் பிள்ளையை 33 கிழமையிலேயே வயிற்றைக் கீறி, சிசர் பண்ணித்தான் எடுத்தார்கள். பிறஷர் 170/110, சலத்தில் புரதம், கால் முகம் எல்லாம் வீக்கம். அதற்கு நாலைந்து நாளுக்கு முன்பிருந்தே நெற்றிக்குள் உலக்கையால் இடிக்கிற மாதிரித் தலையிடி. காட்டப் போன இடத்தில் பிறஷர் கூடப் பார்க்காமல் நித்திரை காணாது, பனடோல் போடுங்கோ என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் மோதிரம் விரலை விட்டுக் கழறவில்லை. அம்மா சவர்க்காரம் போட்டு இழுத்துப் பார்த்து, பிறகு தையல் நூலை விரலில் இறுக்கச் சுற்றித்தான் ஒரு மாதிரிக் கழற்றினார். அன்றிரவு கண்ணுக்கு முன்னால் மின்மினி பறக்கத் தொடங்கியது. விடியும்வரை காத்திருந்து முதல் படகில் வந்தோம். அந்த இரவை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறும். மகன் 1.6 கிலோ, மூன்று கிழமை பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். இப்போது 5 வயது, முற்றத்தில் ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் ஓடிக்கொண்டு திரிகிறான்.

இந்த முறை 12 கிழமையில் விஓஜியிடம், அதுதான் மகப்பேற்று விசேட டொக்டரிடம், காட்டினோம். அவர் அஸ்பிரின் குளிசை ஒன்றும் கல்சியமும் எழுதினார். கார்டில் சிவப்புப் பேனையால் ஆபத்துக் கூடிய கர்ப்பம் என்று எழுதிக் கீழே கோடும் போட்டார்கள். அதைப் பார்த்ததில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. மாமி அஸ்பிரின் என்றதும் பயந்துவிட்டார், அது இரத்தத்தைக் கரைக்கிற குளிசை, பிள்ளையும் கரைந்து போகும் என்று சொல்கிறார். அவருக்கே முன்பு இரண்டு தரம் அழிந்தது, அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது, அவரைக் குறை சொல்ல வரவில்லை. இவர் கட்டாரில் நிற்கிறார், போன் எடுத்தால் அம்மா சொல்வதையும் கேள், டொக்டர் சொல்வதையும் கேள் என்கிறார். நான் பத்து நாளாகக் குளிசை போடவில்லை.

திரும்பவும் அப்படித்தான் வருமா? குளிசையைத் தொடங்கலாமா? மாமி சொல்கிறபடி இப்போதே படுத்த படுக்கையாக இருக்க வேணுமா, உப்பை முழுக்க விட வேணுமா? பிள்ளைக்குத் திகதி கார்த்திகைக் கடைசி. அந்த நேரம் கடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், எப்போது கரைக்கு வந்துவிட வேணும்?

சுன்னாகத்து அக்கா:

தங்கச்சி, உங்கள் மோதிரக் கதையை வாசித்துக்கொண்டு என் விரலையே பார்த்தேன். எனக்கும் 2016இல் அதேதான், 35 கிழமையில் எடுத்தார்கள். இரண்டாவது பிள்ளைக்கு அஸ்பிரின் போட்டேன், 38 கிழமை வரைக்கும் போனேன், பிறஷர் கடைசி இரண்டு கிழமைதான் கொஞ்சம் ஏறியது. எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் குளிசையால் என் பிள்ளை கரையவில்லை.

முதல் வேலையாக இன்றைக்கே உங்கள் மிட்வைப் மிஸ்ஸிக்குப் போன் எடுத்து, பத்து நாள் விட்டுவிட்டேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஏசுவா என்று பயப்பட வேண்டாம், ஏசினாலும் பரவாயில்லை. அடுத்த கிளினிக் வரைக்கும் மறைத்து வைத்திருக்காதீர்கள், நாள் போகப் போக அந்தக் குளிசையின் பலன் குறையும்.

மருத்துவபீட மாணவி:

அக்கா, நான் இன்னும் படித்துக்கொண்டிருப்பவள், உங்கள் விஓஜி சொல்வதுதான் கடைசி. அஸ்பிரின் ஏன் இப்போதே என்பதை மட்டும் விளக்க ஆசைப்படுகிறேன்.

உங்களுக்குப் போன முறை வந்தது பிரிஎக்லம்சியா என்கிற கர்ப்பகாலப் பிறஷர் வருத்தம். அதன் வேர் பிறஷரில் இல்லை, நஞ்சில், அதாவது பிள்ளைக்கு ஊட்டம் கொடுக்கிற நச்சுக்கொடியில் இருக்கிறது. கரு தங்கின முதல் மாதங்களில், தாயின் கர்ப்பப்பைக் குருதிக் குழாய்கள் நன்றாக விரிந்து கொடுத்தால்தான் நஞ்சுக்கு வேண்டிய இரத்தம் போகும். சிலருக்கு அந்தக் குழாய்கள் சரியாக விரிவதில்லை. பட்டினி கிடக்கிற நஞ்சு தாயின் இரத்தத்தில் சில பொருட்களை விடுகிறது, அவை உடம்பு முழுக்க உள்ள குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. பிறஷர் ஏறுவது, சிறுநீரகத்தால் புரதம் கசிவது, ஈரல் வீங்கி மேல்வயிறு நோவது, கண் மின்னுவது எல்லாம் அதன் பிறகு வருபவை. 20 கிழமைக்குப் பிறகுதான் வெளியே தெரிய வந்தாலும் விதை விழுவது அதற்கு வெகு முன்பே. அதனால்தான் அஸ்பிரினை 12 கிழமையில் இருந்து, கூடியவரை 16 கிழமைக்கு முன் தொடங்கச் சொல்கிறார்கள். நீங்கள் இன்னும் அந்தக் காலத்துக்குள்தான் நிற்கிறீர்கள்.

2017இல் வெளிவந்த அஸ்ப்ரே என்ற பெரிய ஆய்வில் ஆபத்துக் கூடிய 1,776 பெண்களைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு இரவில் 150 மில்லிகிராம் அஸ்பிரின், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. 37 கிழமைக்கு முன்பே பிள்ளையை எடுக்க வேண்டி வந்த இந்த வருத்தம், வெறும் குளிசை போட்டவர்களில் 4.3 சதவீதம், அஸ்பிரின் போட்டவர்களில் 1.6 சதவீதம். சில இடங்களில் 75 மில்லிகிராம்தான் எழுதுவார்கள், உங்களுக்கு எழுதிய அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். இது நோவுக்குப் போடுகிற பெரிய அளவும் அல்ல. இந்தச் சின்ன அளவு கருவை அழிப்பதாகவோ பிள்ளைக்குக் குறைபாடு கொடுப்பதாகவோ காணவில்லை. வயிற்றுப் புண், ஆஸ்துமா, அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாமை ஏதும் இருந்தால் மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

திரும்ப வருமா என்று கேட்டீர்கள். முந்தின பிள்ளையை 28க்கும் 34க்கும் இடையில் எடுத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் திரும்ப வரும். அது பெரிய எண்தான், மறைக்க விரும்பவில்லை. ஆனால் மூன்றில் இரண்டு பேருக்கு வராது, வந்தாலும் முதல் தடவையை விடப் பிந்தி, குறைவாக வருவதே வழக்கம்.

ஓய்வுபெற்ற மிட்வைப்:

பிள்ளை, 31 வருஷம் தீவுப்பகுதியிலும் வலிகாமத்திலும் சைக்கிளில் வீடு வீடாகப் போனவள் எழுதுகிறேன். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவப்புப் பேனையைப் பற்றி முதலில் சொல்ல வேணும். அந்த வரி உங்களுக்காக எழுதியது அல்ல. இரவு 2 மணிக்கு உங்களைத் தெரியாத ஒரு டொக்டரோ மிஸ்ஸியோ கார்டைத் திறந்தால் அரை நிமிஷத்தில் விஷயம் விளங்க வேணும் என்று எழுதுவது. வயது 35ஐத் தாண்டியவர்கள், இரட்டைப் பிள்ளை, முதல் சிசர், சலரோகம், இருதய வருத்தம், இரத்தம் குறைவு, ஆர்எச் நெகட்டிவ், நஞ்சு கீழே கிடப்பது எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள்தான் வரும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பார்க்க வேண்டியது வேறு வேறு. "நான் ரிஸ்க்" என்று மொத்தமாகப் பயந்துகொண்டிருந்தால் எதையும் பார்க்க மாட்டீர்கள். உங்களுடையது பிறஷர், அதோடு பழைய சிசர். அந்த இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சலத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, சாராய விளக்கில் மேல்பகுதியை மட்டும் சூடாக்கி, இரண்டு துளி அசற்றிக் அமிலம் விட்டுப் பார்ப்போம். புரதம் இருந்தால் கஞ்சித்தண்ணி மாதிரி வெள்ளையாகத் திரளும். அதை அந்தத் தாய்க்கே பிடித்துக் காட்டுவேன். கண்ணால் கண்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது கீற்றுத் தாள், நிறம் மாறினால் சரி. நீங்களும் ஒவ்வொரு கிளினிக்கிலும் எவ்வளவு என்று கேளுங்கள், உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

பிறஷர் 140/90ஐத் தொட்டால் அன்றைக்கே மிஸ்ஸிக்குத் தெரிய வேணும். 160/110 என்றால் ஆஸ்பத்திரி, அதில் பேச்சே இல்லை. மெசினில் எண் நல்லாக இருந்தாலும், விடாத தலையிடி, கண் மங்குவது அல்லது மின்னுவது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலது பக்கம் நோவு, திடீரென்று முகமும் கையும் ஊதுவது, மூச்சு எடுக்கக் கஷ்டம், பிள்ளை துடிப்பது குறைவது, இரத்தம் படுவது, இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. போன முறை நீங்கள் விடியும்வரை இருந்ததைத்தான் இந்த முறை மாற்ற வேணும். பனடோல் போட்டும் போகாத தலையிடியோடு போனால் "எனக்குப் போன பிள்ளைக்குப் பிறஷர் வந்து 33 கிழமையில் எடுத்தது, பிறஷர் பார்த்துச் சொல்லுங்கோ" என்று வாயைத் திறந்து கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

படுக்கை வேண்டாம். நாள் முழுக்கப் படுத்திருந்தால் இந்த வருத்தம் வராமல் நிற்காது, காலில் இரத்தம் கட்டுகிற ஆபத்துத்தான் கூடும். கிணற்றடியில் பாரம் தூக்குவதை விடுங்கள், மத்தியானம் கொஞ்சம் சரியுங்கள், மற்றபடி நடவுங்கள், சமையுங்கள். 28 கிழமைக்குப் பிறகு மல்லாக்கப் படுக்காமல் பக்கவாட்டில் படுங்கள். உப்பை முழுக்க விட்டாலும் இது நிற்காது. கருவாடு, ஊறுகாய், பக்கற் சாப்பாடு இவற்றை அளவோடு வைத்தால் போதும். முட்டை, மீன், பருப்பு, முருங்கையிலை, சின்ன நெத்தலியை முள்ளோடு, கிளினிக்கில் தருகிற திரிபோஷா சத்துமா, இவைதான் உங்களுக்கு வேணும். கல்சியத்தையும் இரும்புக் குளிசையையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், ஒன்று மற்றதைப் பிடிக்க விடாது. கல்சியம் பகல் சாப்பாட்டோடு, இரும்பு இரவில் விற்றமின் சியோடு. இரும்பு போடுகிற நேரத்தில் தேத்தண்ணி வேண்டாம்.

கடலைப் பற்றி. ஐப்பசி பிறந்தால் வாடை, அதன் பிறகு எந்த நாள் படகு ஓடும், எந்த நாள் ஓடாது என்று யாராலும் சொல்ல ஏலாது. சாதாரணத் தாய்மாரே திகதிக்கு முன் கரைக்கு வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்குவது நெடுந்தீவு வழக்கம். உங்களுக்குப் போன முறை 33இல் எடுத்தது, அதனால் 28 அல்லது 30 கிழமைக்குள், அதாவது மழை தொடங்க முதல் வந்துவிடுங்கள் என்பது என் எண்ணம், விஓஜியிடமும் கேட்டுத் திகதியைக் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் குறைமாதப் பிள்ளையைப் பார்க்கிற வசதி இருக்கிறது, அதற்குக் கிட்டத் தங்குவது நல்லது. 34 கிழமைக்கு முன் எடுக்க வேண்டி வரும்போல் தெரிந்தால் பிள்ளையின் சுவாசப்பை முற்ற உங்களுக்கு ஊசி போடுவார்கள். அந்த ஊசி வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் கிடைத்தால்தான் முழுப்பலன். கடலுக்கு அந்தப் பக்கம் நின்றால் அந்த ஒன்றிரண்டு நாளையும் காற்று எடுத்துக்கொள்ளும்.

மாமியை அடுத்த கிளினிக்குக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளையை இழந்தவர் அவர். அவருக்கு யாரும் எதையும் இருத்தி வைத்து விளங்கப்படுத்தி இருக்க மாட்டார்கள்.

கொக்குவில் அப்பா:

நான் ஆண், இதில் எழுதலாமோ தெரியாது. ஆனால் அக்காவின் வீட்டுக்காரருக்காக எழுதுகிறேன், இதை அவருக்குக் காட்டுங்கள்.

என் மனைவிக்குக் கர்ப்பம் முழுக்கப் பிறஷர் சாடையாகத்தான் இருந்தது. பிள்ளை சுகமாகப் பிறந்தது, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். ஐந்தாம் நாள் வீடு நிறையச் சனம், மாமி குசினியில் சரக்கு அரைத்துக் காயம் காய்ச்சிக்கொண்டு நின்றார், இவள் தலையிடி என்று சொன்னாள், பச்சை உடம்பு, சனம் வந்த களைப்பு என்று எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். பின்னேரம் 4 மணி போல் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவளின் கை விறைத்து, கண் மேலே சொருகி, வலிப்பு வந்தது. பிள்ளையை நான் ஏந்தினேன். 1990 என்ற அவசர நம்பருக்கு அடித்தோம், ஆம்புலன்ஸ் வந்தது, மக்னீசியம் ஏற்றினார்கள், பிழைத்தாள். பிறந்த பிறகும் இது வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரியும், ஆறு கிழமை வரைக்கும் கவனமாக இருக்க வேணுமாம். தயவுசெய்து அந்த நாட்களிலும் பிறஷர் பாருங்கள், விருந்தாளிகளை நிற்பாட்டுங்கள்.

அண்ணைக்கு ஒன்று. அம்மா சொல்வதையும் கேள், டொக்டர் சொல்வதையும் கேள் என்று இரண்டு பக்கமும் விட்டால், முடிவு அவளின் தலையில்தான் விழும். நீங்களே அம்மாவுக்குப் போன் எடுத்துக் கதையுங்கள். ஒரு பிறஷர் மெசின் அனுப்புங்கள், மேல்கையில் கட்டுகிறது, மணிக்கட்டில் கட்டுகிறது வேண்டாம். கையின் சுற்றளவை அளந்து அதற்கேற்ற பட்டி வாங்குங்கள், எங்களுடைய முதல் பட்டி சின்னன், ஒவ்வொரு நாளும் கூடக் காட்டிப் பயமுறுத்தியது. ஐந்து நிமிஷம் கதைக்காமல், முதுகு சாய்ந்து, பாதம் நிலத்தில் பட இருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வைத்துப் பார்க்க வேணும். கிளினிக்குக்கு ஒருமுறை கொண்டுபோய் அங்குள்ளதோடு ஒத்துப்பார்க்கவும். அக்காவின் இரத்த வகையும் ஓட்டோக்காரரின் நம்பரும் இரவில் படகுக்கு யாரைக் கூப்பிடுவது என்பதும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கட்டும். நெடுந்தீவில் இருந்து இரவில் கடற்படைப் படகில் நோயாளரைக் கொண்டுவந்த கதை உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாருக்கு முதலில் சொல்ல வேணும் என்று அந்த நேரத்தில் தேடக் கூடாது.

தீவுப்பிள்ளை:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அன்று இரவே மிஸ்ஸிக்குப் போன் எடுத்தேன், ஏசவில்லை. இப்போதே தொடங்குங்கோ, விட்டதற்குச் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம் என்று சொன்னா. நேற்று மாமியைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் ஒரு கடுதாசியில் நஞ்சைக் கீறி, அதற்குப் போகிற குழாயை மெல்லிசாகவும் தடிப்பாகவும் இரண்டு விதமாகக் கீறிக் காட்டினார். மாமி ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ர இரண்டும் இப்பிடித்தானோ?" என்று கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது அம்மா, ஆரம்பத்தில் அழிவதற்குப் பல காரணம் இருக்கு, நீங்கள் செய்த பிழை ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொன்னார். படகில் வரும்போது மாமி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். நல்லூர்க் கோயிலில் நான் அடியழிப்பதாக, அதாவது அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு வீதி சுற்றுவதாக நேர்ந்திருந்தாராம், அதைத் தானே செய்கிறேன் என்கிறார்.

குளிசைப் பக்கற்றைச் சாமி அறை விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். இரவு 8 மணிக்குத் தண்ணீரோடு கொண்டு வருகிறார். புரட்டாதி நடுவில் கொய்யாத்தோட்டத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போவதாக முடிவு, கார்டிலும் எழுதியாயிற்று. இவர் மெசின் வாங்கி ஊருக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறார்.

மிட்வைப் அம்மா, ஒன்று கேட்க வேணும். நேற்றுக் கிளினிக்கில் 124/78. போன முறை இந்தக் கிழமையில் 110/70 என்று பழைய கார்டில் இருக்கிறது. இது கூடுகிறது என்று அர்த்தமா?

ஓய்வுபெற்ற மிட்வைப்:

124/78 நல்ல பிறஷர், பிள்ளை. ஒரு நாள் பார்த்ததை வைத்துக் கூடுகிறது குறைகிறது என்று சொல்ல ஏலாது. மெசின் வந்ததும் ஒரு கொப்பியில் திகதி, நேரம், எண் மூன்றையும் எழுதி வாருங்கள், கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் பழைய கார்டையும் இரண்டையும் கொண்டு போங்கள். பழைய கார்டை எறியாமல் வைத்திருந்தீர்களே, அது பெரிய விஷயம்.